சும்மா கத்துகிற வாசல்

அணுமின் நிலையத்துக்குள் ஆய்வாளர் அம்மா காலை வைத்ததுமே, கதிர்வீச்சு சோதிக்கும் வாசல் வீல் என்று அலறியது. பழுதுபார்ப்பில் மாதக்கணக்காகத் தூக்கம் கெட்ட நிலையமே, உலையை மறுபடி ஓட்ட அந்த அம்மாவின் ஒரு கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது.

"சும்மா கத்துது மேடம்! வெளியிலேருந்து வர்ற உங்க மேல கதிர்வீச்சு எப்படி இருக்கும்?" என்று சிரித்து, பாதுகாப்பு அதிகாரி வாசலின் சுவிட்சை அணைத்தார்.

ஏதோ சொல்ல வாயெடுத்த அந்த அம்மா, பேசாமல் உள்ளே நடந்தார். படியேறும்போது நடுவில் உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் உலைக்கூடத்திலிருந்து குளிர்நீர்க் குழாய்வரை ஒன்றையும் விடாமல் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன.

சாயங்காலம், "உலையை ஓட்ட இப்ப அனுமதி தர முடியாது சார்" என்றார்.

"ஏன் மேடம்? ஒரு குறையும் இல்லையே!"

"அலாரம் அடிச்சா, என்னன்னு பார்க்காம அணைச்சுடறீங்களே."

அதிகாரி சோர்ந்து போனார். "ஒரு ரிப்பேரான வாசலுக்காகவா மேடம்?"

"அது ரிப்பேர் இல்ல சார். நேத்து ஆஸ்பத்திரியில ஸ்கேனுக்காக எனக்குக் கதிரியக்க ஊசி போட்டாங்க. அது இன்னும் உடம்புல இருக்கு. சொல்ல வந்தேன், அதுக்குள்ள அணைச்சுட்டீங்க."

"எதுக்கு மேடம் ஸ்கேன்?"

"புற்றுநோய் எலும்புக்கும் பரவியிருக்கான்னு பார்க்க."

மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் அந்த அம்மா.

"சுவிட்சைப் போடச் சொல்லுங்க. நான் வெளியே போகும்போது அது அடிக்கணும்."