கயாவிலிருந்து ஓர் இலை

இளஞ்செழியன் அரை மணி நேரமாக அரச மரத்தடியில் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தான். ஓர் இலை தானாக உதிர வேண்டும்.

"ஏங்க, கையெட்டுற கிளைதானே. பறிச்சுக்கிட்டு வாங்க," என்றாள் அவன் மனைவி வானதி.

"பறிக்கக் கூடாது. தானா விழுந்ததைத்தான் எடுக்கணும்னு மேடம் சொல்லியிருக்காங்க."

"மேடம் சொன்னது புத்தர் உக்காந்த மரத்தை. இது பாபநாசத்துப் பிள்ளையார் உக்காந்திருக்கிற மரம். செய்யிறது திருட்டுத்தனம், இதுல ஆசாரம் வேறயா?"

பொய்யில் பாதியாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று அவனுக்குப் பட்டது. கீழே கிடந்த இலைகளெல்லாம் மழையில் ஊறி, ஆடு மிதித்துக் கிழிந்து போயிருந்தன.

மேடம் லிம், சிங்கப்பூரில் அவன் வேலை பார்க்கும் ஹார்ட்வேர் கடையின் பெரிய முதலாளியம்மா. எழுபத்தாறு வயது. புத்தரைக் கும்பிடாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கடையை நடத்துவது மகன். அவன் கறார் பேர்வழி.

அம்மா ஆனந்தவல்லி மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று தந்தி வந்ததும், இளஞ்செழியன் அந்த மகனிடம்தான் போய் நின்றான். போன வருஷம்தானே ஊருக்குப் போனாய், இனி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லிவிட்டான்.

அதே வாரத்தில் மேடம் லிம் கூப்பிட்டு அனுப்பினார். புத்தகயாவுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறதாம். முழங்கால் ஒத்துழைக்கவில்லையாம். நீ இந்தியாக்காரன்தானே, எனக்குப் பதிலாகப் போய்வா என்றார். பாபநாசத்துக்கு அடுத்த தெருவில் கயா இருக்கிறது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது என்று இளஞ்செழியன் மனதுக்குள் சிரித்துக்கொண்டான். கோயில் காரியம் என்றதும் மகனால் மறுக்க முடியவில்லை. பன்னிரண்டு நாள் லீவு கிடைத்தது.

என்ன செய்ய வேண்டும் என்பதையும் மேடம் விளக்கமாகவே சொன்னார். மரத்தை மூன்று முறை வலம் வர வேண்டும். எதையும் கேட்காமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். உதிர்ந்த இலை ஒன்றைக் கொண்டுவர வேண்டும். நடக்கிற கால் யாருடையதாக இருந்தாலும் புண்ணியத்தில் அனுப்பினவருக்கும் பங்கு உண்டாம்.

"அப்ப இந்தப் பாவத்துலயும் அவங்களுக்குப் பங்கு உண்டா?" என்று வானதி கேட்டாள்.

அவன் போகத்தான் நினைத்தான். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் இரண்டு தரம் தள்ளிப்போனது. ஒருவழியாக முடிந்த பிறகு அம்மா அவன் கையை விடவில்லை. இன்னைக்கும் இருப்பியா தம்பி என்று காலையில் கண் திறந்ததும் கேட்டாள். இருப்பேன் என்று சொல்லிச் சொல்லியே ஒன்பது நாள் போய்விட்டது. ரயிலில் கயாவுக்குப் போகவே இரண்டரை நாளாவது வேண்டும். நாளை மறுநாள் மெட்ராஸில் பிளைட்.

ஒருவழியாக ஓர் இலை சுழன்று சுழன்று வந்து வானதியின் தலையில் இறங்கியது.

"எடுத்துக்குங்க. ஞானம் எனக்குத்தான் வரும்போல," என்றாள் அவள்.

பிள்ளையாரை மூன்று சுற்று சுற்றியாயிற்று, இலையும் கிடைத்துவிட்டது. இனி போன் ஒன்றுதான் பாக்கி. புறப்படுவதற்கு முன்னால் பேசச் சொல்லியிருந்தார் மேடம். பொய் வெளுத்தால் வேலை போகும், பெர்மிட் போகும். அம்மாவின் வைத்தியமும் குத்தகை நிலமும் அந்த வேலையை நம்பித்தான் இருந்தன. அதையெல்லாம்விட, கயாவிலிருந்து புண்ணியம் வருகிறது என்று காத்திருக்கும் கிழவியை ஏமாற்றுவதுதான் அவனை அதிகம் உறுத்தியது.

எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று வானதி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவன், கடையில் பழகிய இங்கிலீஷும் மலாயும் கலந்து பேசினான்.

மேடம் ஒவ்வொன்றாக விசாரித்தார். கூட்டமா என்றார். நல்ல கூட்டம் என்றான். குளிரா என்றார். மார்கழிக் குளிர்தான் என்றான். மூன்று முறை சுற்றினாயா என்றதும், பிள்ளையாரைச் சுற்றியதை நினைத்துக்கொண்டு, சுற்றினேன் என்றான். அது ஒன்றுதான் பொய்யில்லை.

"பக்கத்துல ஒரு ஆறு இருக்குமே, அதைப் பார்த்தியா?"

மார்கழியில் ஆறு எப்படி இருக்கும் என்பதை இளஞ்செழியனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போதுதான் குடமுருட்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வந்திருந்தான்.

"பார்த்தேன் மேடம். ரெண்டு கரையையும் தொட்டுக்கிட்டுத் தண்ணி ஓடுது. நான் இறங்கி முங்கிக் குளிச்சேன்."

மறுமுனையில் பேச்சு நின்றுவிட்டது. மீட்டரில் சிவப்பு எண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. இனி உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று தோன்றியது.

"மேடம், நான் வந்து..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் சொல்றதைக் கேளு." கிழவியின் குரல் தாழ்ந்தது. பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் போலிருந்தது. "நான் அங்கே நாலு தடவை போயிருக்கேன். இந்த மாசத்துல அந்த ஆறு முழுக்க வெறும் மணல், நடந்தே தாண்டலாம். ஒரு தடவை என் மகனும் கூட வந்தான். நீ வந்ததும் முதல்ல அதைத்தான் கேப்பான், மணல்னு சொல்லு. சரி, உங்கம்மா எந்திரிச்சு நடக்கிறாங்களா?"