எண்ணெய் காய்வதற்குள்

மடிக்கணினித் திரையில் பச்சைப் பட்டை பறந்தது.

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் ஃபாஸ்ட் லோக்கல்கூட அப்படிப் பறந்து நான் பார்த்ததில்லை.

பாதி. முக்கால். டிங்! மடிக்கணினி சிடியை வெளியே தள்ளியபோது, அடுப்படியில் என் மனைவி சாவித்ரி பஜ்ஜிக்கு வைத்த எண்ணெய் இன்னும் காயவே இல்லை.

நான் கைதட்டினேன். சானடோரியம் வரைக்கும் கேட்டிருக்கும்.

எதிர் நாற்காலியில் இருந்த பாட்சா பாய் கைதட்டவில்லை. திரையைப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார்.

பல்லாவரத்துக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே பாய் வீடியோ எடுக்காத கல்யாணமே கிடையாது. சிலருக்கு இரண்டாவது கல்யாணத்தையும் அவர்தான் எடுத்தார். இப்போது கடையை மகன் அதீப் பார்த்துக்கொள்கிறான். பாய் தம்முடைய பழைய கல்யாணங்களை ஹார்டு டிஸ்கில் போட்டுக்கொண்டு, சாயங்காலமானால் என் வீட்டுக்கு வந்துவிடுவார். கடை கம்ப்யூட்டர் எப்போதும் பிஸியாம். தினம் ஒரு கல்யாணத்தை என் மடிக்கணினி சிடியாக மாற்றித் தரவேண்டும்.

ஓய்வு பெற்றவனுக்குச் சாயங்காலம் என்பது ஒரு யுகம். எனக்குக் கசக்குமா?

பட்டை நகர ஆரம்பித்தால், பள்ளிவாசலில் ராத்திரித் தொழுகைக்கு இஷா பாங்கு சொல்லும்வரை இழுக்கும். அதுவரை பஜ்ஜி, டீ, சண்டை போட்ட சம்பந்திகள், மேடையிலேயே தூங்கிப்போன மாப்பிள்ளைகள். அவர் சொல்வதில் பாதி பொய். நான் சொல்வதில் முக்கால்.

முதல் நாள் மட்டும் கொஞ்சம் படமும் பார்த்தோம். ஊரப்பாக்கம் கல்யாணம். பிரியாணிப் பந்தியில் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் கோழிக்காலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கேமராவைப் பார்த்து, ஒன்றும் தெரியாதவர்போலப் பல் குத்துவார். சிரித்த சிரிப்பில் என் பல்செட் டீ டம்ளரில் விழுந்தது. அதற்கப்புறம் படம் பார்க்க எங்கே நேரம்? பேச்சுத்தான்.

போன வாரம் அவர்தான் வாயை விட்டார்.

"இன்னா தோத்தாத்ரி சார், இது மெஷினா கட்டவண்டியா? நம்ம மாமியாரு இத்தவிட சீக்கிரமா மாடி ஏறிடும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

குரோம்பேட்டையில் வாஜித் கடைக்குப் போய், பழைய பிராசஸரைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று போட்டுக்கொண்டு வந்தேன். அதோடு விட்டேனா? கம்பெனி வைத்த வேகத்துக்கும் மேலே ஏற்றினேன்.

எல்லாம் பாதுகாப்பாகத்தான். பேராசைப்பட்டு ஒரேயடியாக ஏற்றவில்லை. ஒரு படி ஏற்றுவது, முழுச் சுமையில் ஓடவிடுவது, சூடு பார்ப்பது. திரை உறைந்தால் ஒரு படி இறங்குவது. உள்ளே இருந்த குட்டி ஃபேனிலிருந்து எடுத்த தூசியில் ஒரு தலையணை தைக்கலாம். அடியில் காற்று போக, நாலு மூலைக்கும் கேரம் காய் வைத்துத் தூக்கினேன். என் பேரனுக்கு ஜுரம் வந்தபோதுகூட நான் இத்தனை தடவை தொட்டுப் பார்த்ததில்லை.

இன்றைக்கு மறைமலை நகர் கல்யாணம் என்று பாய் ஹார்டு டிஸ்கை நீட்டியபோது, வேகம் ஏற்றியதைச் சொல்லாமல் வாங்கிச் செருகினேன். அவர் அசந்துபோவதைப் பார்க்கவேண்டும் என்று காத்திருந்தேன்.

"ஷோக்கா கீது சார்" என்றார். எழுந்துகொண்டார்.

"பஜ்ஜி ஆயிண்டிருக்கு பாய், ஒரு ஈடு சாப்ட்டுட்டுப் போங்கோ."

"வேலதான் முடிஞ்சிபூட்ச்சே. அம்மாவ இன்னாத்துக்கு பேஜார் பண்ணிகினு?" ஹார்டு டிஸ்கைக் கைக்குட்டையில் சுற்றினார். "இதான் சார் கடைசி கல்யாணம். நாளைலேர்ந்து உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

போய்விட்டார். சிடியை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். நான் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவதற்குள் அவருடைய மொபெட் முடிச்சூர் ரோடு திருப்பத்தில் மறைந்துவிட்டது.

வெயில்கூடத் தாழவில்லை.

சாவித்ரி தட்டோடு வந்து, காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"பாய் எங்கே?"

"வேலை முடிஞ்சுடுத்து" என்றேன்.

அவள் தட்டை வைத்துவிட்டுப் போய் அடுப்பை அணைத்தாள்.

இவ்வளவு வேகத்தில் படமாவது ஒழுங்காக வந்திருக்கிறதா என்று, சிடியை உள்ளே தள்ளி ஓடவிட்டேன். மடிக்கணினியைத் தொட்டுப் பார்த்தேன். ஜம்மென்று இருந்தது, சூடே இல்லை.

மாலை. மேடை. ஓடிப் பிடிக்கும் பிள்ளைகள். பிறகு பந்தி.

ஊரப்பாக்கத்து அதே மஞ்சள் சட்டைக்காரர் அதே கோழிக்காலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துப் பல் குத்தினார்.

பல்செட் இருந்த இடத்திலேயே இருந்தது.