வெள்ளை படியாத கரண்டி

"அண்ணி, என் மானமே போச்சு!"

பள்ளியில் அறிவியல் நடத்தும் நாத்தனார் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"நாளைக்கு வகுப்புல உப்பு எப்படிப் படியுதுன்னு காட்டணும். மூணு நாளா இந்தக் கரண்டியைப் போட்டு போர் தண்ணியைக் காய்ச்சறேன், பொட்டு வெள்ளைகூட ஒட்டல!"

அண்ணி கரண்டியைத் தடவிப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. அடுத்த நொடியே நாத்தனாரின் கையைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றினாள்.

"நான் அழறேன், நீங்க ஆடறீங்களா?"

"தண்ணியை எதுல பிடிச்சே?"

"போன வாரம் நீங்க குப்பையில போட்டீங்களே, அந்த பாட்டில்லதான். சும்மா ஒரு தடவை அலசினேன். அடியில ஒரு சொட்டு ஒட்டியிருந்திருக்கும்."

அண்ணி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது கொதிகலன்ல உப்பு படியாம தடுக்க நான் ஆய்வுக்கூடத்துல ரெண்டு வருஷமா செஞ்ச மருந்துடி! படியுதே படியுதேன்னு ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் ஊத்தினேன். அதிகமானதும் மருந்தே உப்போட சேர்ந்து படிஞ்சிருக்கு. வேலைக்கு ஆகாதுன்னு தலைமுழுகிட்டேன். ஒரு சொட்டு போதுமாம்!"

"சரி, நாளைக்கு நான் எதைக் காட்டறது?"

"என் ஆய்வுக்கூடத்துக்கு வா. வெள்ளை அப்பின தகடு மூட்டை மூட்டையா கிடக்கு. எல்லாம் என் தோல்விதான், அள்ளிக்கோ!"