பின் சீட்டு இல்லாத கார்

காரின் இரும்புச் சட்டத்தில் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தான். தாளில் கருப்பு ஏறியது. எண் ஏறவில்லை.

"பெயிண்டு மேல பெயிண்டு அடிச்சிருக்காங்க. சொரண்டிட்டுத் தேய்ங்க. சேஸிஸ் நம்பர் தெளிவா உழுகலீன்னா நான் கையெழுத்துப் போட முடியாதுங்க," என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர்.

சுரண்டினான்.

மண்டியிட்டிருந்த முழங்காலில் சரளைக்கல் குத்தியது. குத்துவது தெரிந்தது. வலிக்கவில்லை.

கொஞ்ச காலமாகவே இவனுக்கு எல்லாம் இப்படித்தான்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் மகாராஷ்டிர நம்பரோடு நின்றது கார். சிவப்பு. அறுபத்தெட்டாம் வருட மாடல். கூரையை மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். லைசென்சுக்கு எட்டுப் போட வந்தவர்கள் எட்டை மறந்துவிட்டு அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள்.

கோலாப்பூரிலிருந்து மூடிய லாரியில் வந்தது. இறக்குவதற்குச் சரியான இடமில்லை. ஒரு மண்மேட்டோடு லாரியின் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தி, பலகை போட்டு, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து உருட்டினார்கள். பத்திரமாக இறங்கியதும் லாரி டிரைவர் கைதட்டினார். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார். சிரித்தான். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

சொந்தக்காரர்களுக்குத்தான் பொறுக்கவில்லை.

"புள்ளயப் பறிகுடுத்து வருசங்கூடத் திரும்புல. இவனுக்கு ஸ்போர்ட்ஸ் காரு கேக்குது பாரு."

காதுபடவே சொன்னார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவர்களுக்கு என்ன தெரியும்?

பழைய காரின் பின் சீட்டில், இவன் மனைவியின் மடியில்தான் பாப்பா போனாள். காய்ச்சல். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு இன்னும் பாதி வழி இருந்தது. ஓட்டிக்கொண்டிருந்த இவன் கண்ணாடியில் பார்த்தான். அவள் குனிந்திருந்தாள்.

நிமிரவே இல்லை.

அந்தக் காரை விற்றாயிற்று. அதற்குப் பிறகு அவள் எந்தக் காரிலும் ஏறவில்லை. கல்யாணமோ கருமாதியோ, டவுன் பஸ்தான். பஸ் போகாத இடத்துக்கு நடை. வா என்று வற்புறுத்த இவனுக்கு வாய் வரவில்லை. இவன் ஒரு வழியில் போய் இறங்குவான், அவள் ஒரு வழியில் வந்து சேருவாள். வீட்டுக்குள்ளும் அப்படியே ஆகிப்போனது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள், அவ்வளவுதான்.

பின் சீட்டே இல்லாத ஒரு காரைத் தேடினான். இங்கே எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்த ஊரிலிருந்து வரவழைத்தான். அவள் பெயரிலேயே வாங்கினான். பெயர் மாற்ற ஓனர் நேரில் வந்தால்தான் ஆகும் என்று வீட்டில் சொல்லிவைத்தான்.

திருட்டுத்தனம்தான். வேறு எப்படி அவளை ஒரு காருக்குப் பக்கத்தில் கொண்டுவருவது?

வந்தாள். பஸ்ஸில்தான் வந்தாள்.

வேப்பமர நிழலில் நின்றாள். கைப்பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள். காரின் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை.

எண் விழுந்தது. தாளை ஊதி நீட்டினான். இன்ஸ்பெக்டர் சரிபார்த்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர். பேச்சுக்குத்தான் கேட்டார்.

"ஏனுங்மா, ரெண்டே சீட்டுத்தானுங்களே. கொழந்தைகள எங்க உக்கார வெப்பீங்க?"

அட பாவி மனுஷா. கேட்பதற்கு வேறு கேள்வியே கிடைக்கவில்லையா?

சரளைக்கல் குத்திய முழங்கால் இவனுக்குச் சுரீரென்றது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு உடம்பில் ஏதோ ஒன்று வலித்தது.

அவள் காரைப் பார்த்தாள். முன் சீட்டைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் பார்த்தாள். தகரமும் மடித்த துணியும்தான் இருந்தன. பிறகு இவனைப் பார்த்தாள்.

வெகுநேரம் பார்த்தாள். இந்தக் கார் ஏன் வந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நாங்க ரெண்டு பேருதானுங்க," என்றாள்.

கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிக் கொடுத்தாள். பஸ் ஸ்டாப் இருக்கும் திசையில் நாலடி நடந்தாள்.

நின்றாள்.

இவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பாள். காரில் ஏறி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த மதில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சாமி, சாமி என்று மனசு அடித்துக்கொண்டது.

இடப்பக்கக் கதவு திறந்தது.

ஏறினாள். புடவையை இழுத்து ஒதுக்கிக்கொண்டு கதவோரமாக ஒட்டி உட்கார்ந்தாள். அந்தக் குறுகிய சீட்டிலும் பாதியை விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"நல்லாத் தள்ளி உக்காரு. கதவு இடிக்கும்."

"இல்லீங்க. இது பத்தும்."

வண்டியை எடுத்தான். மெதுவாகத்தான் போனான்.

வாசலைத் தாண்டியதும் ஒரு வேகத்தடை. கவனிக்கவில்லை. சட்டென்று பிரேக்கை மிதித்தான்.

அவள் கை தன்னால் நீண்டு, யாரையோ விழாமல் தடுப்பதுபோல அந்தக் காலி இடத்துக்குக் குறுக்கே போனது.

இவன் கை அங்கே முன்பே இருந்தது.