கலையாத ஆவி

ராஜபாளையத்து நடுப்பகல் வெயில் சன்னல் வழியே சாய்ந்து கோழிக்குழம்புத் தட்டில் விழுகிறது. தட்டுக்குக் கீழே விரித்திருப்பது, மாரிசெல்வி வேலை பார்க்கும் கம்பெனியில் கழித்துப் போட்ட பேண்டேஜ் துணி. வெள்ளை விரித்தால்தான் குழம்பின் சிவப்பு எடுப்பாகத் தெரியும் என்பதை, யார் யாரோ எடுத்த சாப்பாட்டுப் படங்களைப் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டவள் அவள். அந்தப் படங்களில் ஆவி கலையாமல் நிற்பது அவளுக்கு இன்றும் ஆச்சரியம். மூச்சைப் பிடித்துக்கொண்டு செல்போனைத் தாழ்த்துகிறாள். “சோத்துக்கு உக்காந்து எம்புட்டு நேரமாச்சு, இன்னும் படமா புடிக்க?” அவள் விரல் திரையைத் தொடும்போதே எதிரே உட்கார்ந்திருக்கும் புருஷன் ஐயாதுரை தட்டை ஓங்கி அடிக்கிறான். கொதிக்கிற குழம்பு அவள் கழுத்தில் தெறிக்கிறது. தட்டு விளிம்பால் அவள் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதி, தரையில் சுழன்று சுழன்று அடங்குகிறது. அவள் அழவில்லை. பேண்டேஜ் துணியை உருவிப் புருவத்தில் அழுத்திக்கொண்டு போனைப் பார்க்கிறாள். படம் பதிவாகியிருக்கிறது. காற்றில் சிதறும் குழம்பு துளித்துளியாக மின்னுகிறது. ஆவிகூடக் கலையாமல் நிற்கிறது. அதற்குப் பின்னால், பல்லைக் கடித்தபடி அவன் முகம். எட்டிப் பார்த்தவனின் குரல் இறங்குகிறது. “ஏட்டி, அதை அழிச்சிரு.” “இம்புட்டு நல்லா ஒரு படம் எனக்கு வந்ததே இல்ல” என்றபடி, கம்பெனிப் பெண்களின் சமையல் குரூப்பில் அதைப் போடுகிறாள் மாரிசெல்வி.