உம்மாவின் முதுகு

கல்முனையில் பழைய வீடியோக் கசெட்டுகளைப் பென்ட்ரைவில் ஏற்றிக் கொடுக்கும் கடை என்னுடையது. "எது தொலைந்தாலும் எடுத்துத் தருவோம்" என்று பலகையில் எழுதிய வாய்ச்சவடாலும் என்னுடையதுதான்.

அதை நம்பிப் பஸ்மினா வந்தாள். அவளுடைய உம்மாவையும் வீட்டிலிருந்த படங்களையும் சுனாமி கொண்டுபோய்விட்டது. அதற்கு முன்பு ரீவியில் போன ஒரு விவரணப் படத்தில் மட்டும் உம்மா கடற்கரையில் கருவாடு காயவைப்பாராம். நான் கேட்காத இடமில்லை. அந்தப் படம் எங்குமே கிடைக்கவில்லை. அவளோ சொந்த அண்ணனிடம் வருவதுபோல "நானா, நானா" என்று வாரந்தவறாமல் வந்து நின்றாள்.

கடைசியில் என் மனைவி உம்முவை முக்காடு போடச் சொல்லி, கடற்கரையில் கருவாடு பரப்பவிட்டு, முதுகுப்பக்கமாகப் படம் பிடித்தேன். பழசாகத் தெரியக் கொஞ்சம் கோடுகளும் புள்ளிகளும் சேர்த்து, அந்தப் படம்தான் என்று பென்ட்ரைவில் கொடுத்தேன். பஸ்மினா பார்த்து அழுதாள். மறுநாள் வட்டிலப்பம் கொண்டுவந்தாள். குற்றவுணர்வில் முதல் துண்டு தொண்டையில் சிக்கியது, இரண்டாவது இறங்கிவிட்டது.

நேற்று மறுபடியும் வந்தாள்.

"நானா, உம்மா இப்ப திரும்பிப் பாக்கா."

"அதில முதுகு மட்டுந்தானே புள்ள தெரியும்?"

"ஓம். இப்ப முகமும் தெரியிது. ஆனா என்னப் பாக்கல்ல."

பென்ட்ரைவைப் போட்டேன். அதே கடற்கரை, உம்முவின் அதே நீலச் சேலை. கருவாடு பரப்பிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து திரும்பினார். அது உம்முவின் முகமல்ல. பஸ்மினாவின் மூக்கு, பஸ்மினாவின் நாடி.

நான் உட்கார்ந்திருந்த கதிரையை மெல்ல ஓரமாக நகர்த்தினேன். அந்தக் கண்களும் நகர்ந்தன.

"உங்களத்தான் நானா," என்றாள் பஸ்மினா சந்தோஷமாக. "நன்றி சொல்லப் பாக்கா போல."