இலையில்லாத ஆனைப்புளி

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில், இன்பராஜ் வீட்டு வாசலில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. அவனுடைய செத்துப்போன மனைவி பியூலா நட்ட ஆப்பிரிக்க ஆனைப்புளிக் கன்று, ஓர் இலைகூட இல்லாமல் நிற்கிறது. தங்கம் பிரித்த கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டுத் தூசி கொம்பெல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. குளிக்க வைத்த தண்ணீரில் பாதியை இன்பராஜ் அதன் அடியில் ஊற்றுகிறான். “இன்னாப்பா, செத்த குச்சிக்குத் தெனம் தண்ணி ஊத்திக்கினு கீற?” என்கிறாள் பக்கத்து வீட்டு ரத்தினம்மா. “சாகலக்கா. பனிக்காலத்துல இலைய உதுத்துட்டுத் தூங்கும்னு பியூலா சொல்லியிருக்கா.” “தூங்குறதுக்கு எதுக்குப்பா தண்ணி?” அவன் கை நிற்கிறது. அதையும் பியூலா சொல்லியிருந்தாள். இலை உதிர்ந்தபின் தண்ணீர் விட்டால் வேர் அழுகிவிடும். குனிந்து தண்டை அழுத்துகிறான். கட்டைவிரல் மெத்தென்று உள்ளே இறங்குகிறது. புளித்த வாடை எழுகிறது. “தூங்குதுக்கா,” என்கிறான், விரலை எடுக்காமல்.